கல்லடியில் வீடு வாங்கப் போகிறோம், பார்த்துச் சொல்ல ஒருவர் தேவை

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் 12 பேர்ச் காணியோடு ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். புரோக்கர் 3 வீதம் கேட்கிறார், சரி, அது அவர் தொழில். ஆனால் வீட்டைப் பார்க்க இன்ஜினியரையும் அவரே கூட்டி வந்ததுதான் இடிக்கிறது. வந்தவர் பத்து நிமிடத்தில் "கல்லுப் போல இருக்கு" என்று முடித்துவிட்டார். அலுமாரியை நகர்த்திப் பார்த்தது என் மனைவிதான்: சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளம் நின்ற கோடு! குசினிக்கு மேல் கொங்கிறீட் பிளேட்டில் சீமெந்து உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது, கடற்காற்றின் வேலை. மற்ற இடமெல்லாம் புதுப் பெயின்ட்.

மட்டக்களப்பில் எந்தப் புரோக்கரோடும் தொடர்பில்லாத சிவில் இன்ஜினியரோ அனுபவமுள்ள மேசனோ யாருக்காவது தெரியுமா? காசு கொடுப்போம். உறுதிப் பத்திரத்தைக் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குத் தேடிப் பார்க்க நொத்தாரிசும் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்க ஞாயிறு வரைதான் தவணை, இன்பொக்சில் சொல்லுங்கள்.