போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) ரிப்போர்ட்ல ‘ட்ரை டாப்’னு இருக்கு, அப்படின்னா என்ன?

கேள்வி: அப்பாவுக்கு ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் மூணுமே கம்மி. மேரோ எடுத்தாங்க, ‘ட்ரை டாப்’னு போட்டிருக்காங்க. சரியா எடுக்கலையா? பயாப்சி ரிசல்ட்டும் வரல.

பதில் 1: எடுத்தவங்க தப்புன்னு உடனே நினைக்காதீங்க. மைலோஃபைப்ரோசிஸ்ங்கிற நோய்ல மாதிரி மஜ்ஜைக்குள்ள நார் படிஞ்சிருந்தாலோ, செல்லுங்க நெருக்கியடிச்சு நிறைஞ்சிருந்தாலோ ஊசில இழுத்தா ஒண்ணும் வராது, அதுதான் ட்ரை டாப். அப்ப எலும்புத் துண்டு எடுக்குற பயாப்சிதான் கதி, நாரைக் காட்டுற ரெட்டிகுலின் ஸ்டெயின் (சாயம்) போட்டு நார் எவ்வளவுன்னு 0லேர்ந்து 3 வரை கிரேடு சொல்வாங்க.

பதில் 2: நான் லேப்ல இருக்கேன். பயாப்சி துண்டு எலும்பாச்சே, ஆசிட்லயோ ஈடிடிஏங்கிற கெமிக்கல்லயோ ஊறவச்சு கால்சியத்தை எடுத்தாதான் மெல்லிசா சீவ முடியும், அதான் லேட். ட்ரை டாப்னா அந்தத் துண்டையே ஸ்லைடுல ஒத்தி எடுத்து ஸ்டெயின் பண்ணி பாப்போம், பிளாஸ்ட் செல் (முதிராத ரத்த செல்) அதிகமா இருந்தா அதுலயே தெரிஞ்சிடும். அது பண்ணாங்களான்னு கேளுங்க.

பதில் 3: விட்டமின் பி12 பாத்தாச்சா? அது ரொம்ப கொறஞ்சாலும் மூணும் இறங்கும்.