கப்பல் ஏறும் நாளுக்கு எத்தனை நாள் முன்பு விமானம் ஏறினீர்கள்?

திருமுல்லைவாயில்காரன்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு மறுபடியும் பதிவு செய்திருக்கிறோம். மறுபடியும் என்று சொல்லக் காரணம் உண்டு. முதல் தடவை நாங்கள் கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5 மணிக்குக் கப்பல். பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். அப்பா, அம்மா, நான், மனைவி, பையன் என்று ஐந்து பேர். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மேல் சென்னையில் விமானம். நாலு மணி நேரச் சொச்சம் பயணம், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், ஆக காலை 6 மணி சுமாருக்கு சாங்கி விமான நிலையம். கப்பலில் ஏறக் கடைசி நேரம் பிற்பகல் மூன்றரை. கையில் ஒன்பது மணி நேரம் இருக்கிறதே, எதற்கு ஒரு நாள் முன்னால் போய் இரண்டு அறைக்கு 22,000 ரூபாய் அழ வேண்டும் என்று கேட்டது நான்தான். வீட்டில் வேறு யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் வந்தது. சனிக்கிழமை நண்பகலில் சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் விடியும் முன்பே திறந்துவிட்டார்கள்தான். திறந்தால் என்ன? சனிக்கிழமை பூராவும் போகாமல் நின்றவர்கள் அத்தனை பேரும் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். ஞாயிறு காலை விமானத்தில் இரண்டு இடம் தரலாம் என்றார்கள். ஐந்து பேரில் எந்த இரண்டு பேர்? ஐவருக்கும் சேர்த்து இடம் இருந்தது ஞாயிறு இரவில்தான்.

சிங்கப்பூரில் மாலை 5 என்றால் நமக்கு மதியம் இரண்டரை. அந்த நேரத்தில் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப கிளம்பியிருக்கும்" என்றார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

விமானக் காசு திரும்பி வந்தது. கப்பல் காசு வரவில்லை. வராதவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். காப்பீட்டில் விமானத் தாமதத்துக்கென்று ஏதோ சில ஆயிரம் தந்தார்கள். கப்பலைத் தவறவிட்டதற்குத் தனியாக ஒரு பிரிவு எடுத்திருக்க வேண்டுமாம். பாலிசியை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தேன்.

எங்கள் அடுக்குமாடியிலேயே இன்னொரு குடும்பம் அதே கப்பலுக்கு வெள்ளிக்கிழமை இரவே போய்விட்டது. சனிக்கிழமை நாங்கள் ஒவ்வொரு எண்ணாக அழைத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் சிராங்கூன் சாலையில் நெய் ரோஸ்ட் சாப்பிடும் படம் வாட்ஸப்பில் வந்தது.

ஒன்பது மணி நேரம் இருக்கிறது என்று நான் போட்ட கணக்கில் ஒரு ஓட்டை. இந்த விமானம் போகவில்லை என்றால் அதற்குப் பின்னால் எது, அதில் ஐந்து இடம் கிடைக்குமா என்று நான் பார்க்கவே இல்லை. இந்த முறையும் ஞாயிறு மாலைதான் கப்பல். வெள்ளி இரவா, சனி காலையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அட்லாண்டா அண்ணன்

தம்பி, நான் நாலு தடவை கப்பல் நாளன்று காலையில் பறந்து போய் ஏறியவன். விடிகாலை முதல் விமானம், இரண்டு மணி நேரத்தில் மயாமி, பதினொன்றரைக்குத் துறைமுக வரிசை. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஐந்தாம் தடவைதான் மனைவி பேச்சைக் கேட்டு முதல் நாள் மாலையே டிக்கெட் போட்டேன். அது 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை.

தேதியைப் பார்த்ததும் சிலருக்குப் புரிந்திருக்கும். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்ற நாள். காலையில் எழுந்தபோதே செய்தி. மாலை 7 மணி விமானம் என்பதால் அதற்குள் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். மதியம் மூன்று மணிக்கு ரத்து. அடுத்த இடம் ஞாயிறு என்றார்கள். கப்பல் சனிக்கிழமை நாலரைக்கு.

பக்கத்துத் தெருவில் இன்னொரு தமிழ்க் குடும்பம் அதே கப்பல். அவர்களிடம் ஏழு பேர் உட்காரும் வண்டி இருந்தது. நாங்கள் மூவர், அவர்கள் நால்வர். பெட்டிகளைப் பாதியாகக் குறைத்து, ஆறு மணிக்குக் கிளம்பி, இரவு முழுக்க மாறி மாறி ஓட்டினோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் வண்டியிலேயே. காலை ஆறரைக்கு மயாமி. துறைமுகத்தில் வண்டியை நிறுத்த நாள் கணக்கில் காசு, திரும்பி வரும் விமான டிக்கெட்டும் வீண். ஆனாலும் ஏறிவிட்டோம்.

ஆக முதல் நாளே கிளம்பினால் போதும் என்பதும் முழு உண்மை இல்லை. எங்களைக் காப்பாற்றியது சாலை. அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. மறுநாள் விடியும் வரை விமானம் வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தால் வண்டியிலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. இப்போதெல்லாம் எத்தனை மணிக்குள் போர்டிங் தொடங்கவில்லை என்றால் வண்டி எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். உங்களுக்கு நடுவில் வங்காள விரிகுடா. உங்கள் ஊர்க் கணக்கு வேறு.

ஸ்கார்பரோ அக்கா

நாங்கள் டொரொண்டோவிலிருந்து புளோரிடாவில் இருக்கிற போட் லோடர்டேல் போனோம், பெப்ரவரியில். கப்பலுக்கு முதல் நாள் பின்னேரம் வெளிக்கிட்டோம். அந்த விமான நிலையமும் துறைமுகமும் பக்கத்துப் பக்கத்தில். இறங்கேக்கையே கப்பல்கள் தெரியும் என்று மகன் சொல்லியிருந்தான்.

டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் பனி. விமானத்துக்குள் ஏறி இருந்தபடியே, சிறகில் உறைந்த பனியைக் கழுவுகிற வரிசையில் இரண்டு மணித்தியாலம். எட்டு மணிக்கு இறங்க வேண்டியவர்கள் இரவு இரண்டு மணிக்கு இறங்கினோம். சரி, ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டோம். பெட்டிகள் வரவில்லை! நாலு பெட்டியில் ஒன்றும் இல்லை. நாளைக்குப் பின்னேரம் வரும் என்றார்கள். கப்பல் நாலு மணிக்கு.

ஏழு நாளும் கப்பல் கடையில் வாங்கிய டீ சேட்டோடு திரிந்தோம். அது பெரிய விஷயம் இல்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம், குளிசை எல்லாம் பெட்டிக்குள். நல்ல வேளை, காலையில் ஒரு மருந்துக்கடையில் விளக்கிக் கதைத்து, இங்கே குடும்ப வைத்தியரோடு போனில் பேச வைத்து எடுத்தோம். பெட்டிகள் எங்களைக் காணாமல் ஒரு கிழமை விமான நிலையத்திலேயே இருந்தன.

பனிக்காலம் என்றால் நான் இனி இரண்டு நாள் முந்தித்தான். ஆள் தப்பி வரலாம், பெட்டிக்கு ஒரு நாள் கூட வேணும். குளிசையும் ஒரு மாற்று உடுப்பும் கைப்பையில். இதை எல்லாரும் சொல்லுவினம், நானும் எல்லாருக்கும் சொன்னனான்.

கடல் பார்க்காத கரூரான்

ஒரு சந்தேகம். தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குப் பறந்து போய் ஏறிக்கொள்ளக் கூடாதா? பஸ்ஸை ஆட்டோவில் துரத்திப் பிடிக்கிற மாதிரி?

சியாட்டில் வாசி

சில இடங்களில் முடியும், கப்பல் கம்பெனி ஒப்புக்கொண்டால். அலாஸ்காவுக்கு நாங்கள் போனபோது முடியவில்லை. என் அண்ணன் குடும்பம் நியூ ஜெர்சியிலிருந்து கப்பல் நாளன்று காலையில் சியாட்டிலுக்கு வர வேண்டும். இணைப்பு விமானம் தவறிவிட்டது. அப்போது நான் கப்பலுக்குள். மூன்றாம் நாள் அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் நிற்போம், அங்கே வந்து ஏறிக்கொள் என்று போனில் சொன்னேன். அவனும் ஜூனோவுக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டான். கம்பெனியில் கேட்டால் சட்டம் இடம் தராது என்றார்கள்.

1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. ஜூனோவில் ஏறி சியாட்டிலில் இறங்கினால் அது அந்தக் கணக்கில் வந்துவிடும். எல்லோரையும் போல சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினால் சிக்கல் இல்லை. பெரிய சொகுசுக் கப்பல்கள் அனேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வெளிநாட்டுக் கொடிதான். எங்கள் பாதையில் இருந்த ஒரே வெளிநாட்டுத் துறைமுகம் கனடாவின் விக்டோரியா. அங்கே ஏறலாம். ஆனால் அங்கே கப்பல் வந்தது கடைசி நாள் மாலை. ஒரு ராத்திரி தூங்குவதற்கா வருவான்?

மயாமியில் தவறவிட்டவர்கள் மெக்சிகோவில் கோசுமெலுக்குப் பறந்து போய் ஏறியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்குப் பாஸ்போர்ட் கையில் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வைத்துப் போய்வரலாம் என்பதால் பலர் பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிடுகிறார்கள். நம் ஆட்கள் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நம்மைப் போல இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அந்த நாட்டுக்கு விசா வேண்டுமா என்றும் பார்க்க வேண்டும். கரூர் நண்பரே, ஆட்டோ கிடைத்தாலும் ஏற விட மாட்டார்கள்.

உறையூர் ஓய்வூதியர்

எங்களுடையது ரோம். விளம்பரத்தில் ரோம் என்றுதான் போட்டிருந்தது. கப்பல் நிற்பது சிவிடவெக்கியா என்ற வேறு ஊரில். ரோம் டெர்மினி நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் துறைமுகத்துக்குள் போக இன்னொரு பஸ். இதை நான் அங்கே போய்த் தெரிந்துகொள்ளவில்லை. நாற்பது வருடம் வங்கியில் சின்ன எழுத்துகளைப் படித்தே கண் போனவன் நான். லண்டன் என்று போட்டால் சவுத்தாம்ப்டன், பாரிஸ் என்று போட்டால் லெ ஹாவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரத்துக் கால்வாய் வழியே போவதை 2021 ஆகஸ்டில் தடை செய்துவிட்டதால், வெனிஸ் என்று போட்டிருந்தாலும் எந்தத் துறை என்று கேட்பது நல்லது. இறங்கும் ஊரிலிருந்து கப்பல் எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் நாளைத் தீர்மானிக்க முடியாது.

நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா. முதலில் கப்பல் நாளன்று காலையில் இறங்குவதாகத்தான் டிக்கெட் போட்டு விண்ணப்பித்தோம். அவர்கள் நம் திட்டத்தில் உள்ள நாட்களை எண்ணி அதற்கேற்பத் தங்கும் நாள் தருகிறார்கள். விசா வந்த பிறகு மகள், "அப்பா, இரண்டு நாள் முன்னாடியே போயிடுங்க, அம்மாவுக்கு ஜெட் லாக் தாங்காது" என்கிறாள். விசா தொடங்கும் தேதி இடம் கொடுத்தால் போகலாம், ஆனால் முன்னால் சேர்க்கிற இரண்டு நாளைப் பின்னால் கழிக்க வேண்டும். கப்பல் முடிந்து ஃப்ளோரன்ஸ் போவதாக இருந்ததை வெட்டினோம். எத்தனை நாள் முன்னால் போவது என்பதை விசா விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் துருக்கி மாதிரி ஷெங்கனுக்கு வெளியே கப்பல் தொடுகிறது என்றால் பல முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். சிங்கப்பூருக்கும் அதே கதைதான், வெளியே போய்த் திரும்பி உள்ளே வருகிறீர்கள்.

விமானம் சென்னை, துபாய், ரோம். ஒரே டிக்கெட்டாக எடுத்தோம். தனித்தனியாக எடுத்தால் ஆறாயிரம் ரூபாய் குறைவு என்று ஏஜெண்ட் ஆசை காட்டினார். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரர் எங்களை யாரென்றே கேட்க மாட்டார் என்பதால் வேண்டாம் என்றேன். அதில் மட்டும் நான் கெட்டி.

அங்கயற்கண்ணி

எங்கள் வீட்டில் புயலும் இல்லை, கணினிக் கோளாறும் இல்லை. கப்பல் 15ஆம் தேதி. டிக்கெட்டில் 14ஆம் தேதி, 00:20 என்று இருந்தது. என் வீட்டுக்காரர் 14ஆம் தேதி ராத்திரி எங்களை அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து சென்னை வந்து இறங்கினார். 13ஆம் தேதி இரவே வந்திருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் சிரிக்காமல் சொன்னாள், அதற்காகவே அவளைப் பிடித்துவிட்டது. அன்றைய விமானத்தில் புது டிக்கெட் மூன்று எடுத்துத்தான் போனோம். ஒரு நாள் முன்னால் போவதாகத் திட்டம் இருந்ததால் கப்பல் தப்பியது, மாமனார் தந்த காசு போனது.

சிங்கை வாசி

அக்கா, இந்த நள்ளிரவு விமானத்தில் ஏமாந்தவர்கள் என் வீட்டுக்கே இரண்டு தடவை வந்திருக்கிறார்கள்.

திருமுல்லைவாயில் சாருக்கு: சனி காலை விமானம் என்றால் அதற்குப் பின்னால் சனி இரவு விமானங்கள் இருக்கின்றன. வெள்ளி இரவு என்றால் சனி காலையும் இருக்கிறது, சனி இரவும் இருக்கிறது. நீங்களே சொன்ன கணக்குத்தான். நவம்பர், டிசம்பரில் சென்னையிலிருந்து வருகிறீர்கள் என்றால் வெள்ளி இரவு. மார்ச் மாதம் என்றால் நானே சனி காலை போதும் என்பேன். பெரியவர்களுக்கு ராத்திரி விழிப்பு இல்லாமல் பகலில் வருவதும் நல்லது.

இன்னொன்று, டாக்சிக்காரரிடம் வெறுமனே 'குரூஸ் சென்டர்' என்று சொல்லாதீர்கள். இங்கே இரண்டு இருக்கின்றன. ஹார்பர்ஃப்ரண்ட்டில் ஒன்று, மரினா பே பக்கம் ஒன்று. என் சித்தி குடும்பம் ஹார்பர்ஃப்ரண்ட்டில் போய் நின்று இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகிற படகைப் பார்த்து, "இவ்வளவு சின்னதா?" என்று எனக்குப் போன் செய்தது. மரினா பே என்றால் மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.

திருமுல்லைவாயில்காரன்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் கப்பல் நவம்பர் கடைசியில். வெள்ளி இரவே போடுகிறேன், இரண்டு இரவு அறை. இந்த முறை விமானத் தேதியைப் பையனும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டான். அங்கயற்கண்ணி அக்காவுக்கு நன்றி. காப்பீட்டில் கப்பல் தவறினால் என்ற பிரிவையும் சேர்த்தாயிற்று. "வெள்ளி போயிட்டா ஞாயிறு வரைக்கும் அங்க என்ன பண்றது?" என்று அப்பா கேட்டார். முஸ்தபா கடை இருக்கிறது என்றேன். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லிஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறார். கப்பல் ஏறும் முன்பே பெட்டி நிறைந்துவிடும் போலிருக்கிறது.