பிரஷர் கேஜ் மாட்டாமல் ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவைத் தொட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டா?

திருவொற்றியூர் ஆபரேட்டர்:

என்னுடையது இருபது டன் செயின் வண்டி, மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஹிட்டாச்சி என்றுதான் சொல்வார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, மீட்டரில் 11,000 மணி நேரம் தாண்டிவிட்டது. போன புரட்டாசியில், ஐப்பசி மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பக்கிங்காம் கால்வாயில் தூர் வாரும் வேலைக்கு வண்டியை விட்டிருந்தேன். அதற்கு முன்னால் இரண்டு மாதம் அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் அள்ளிக் கொட்டும் வேலையில் இருந்தது. இந்தச் சாம்பலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காலையில் ஆறரைக்கு ஸ்டார்ட் செய்தால் வண்டி நன்றாக வேலை செய்யும். பத்தரை, பதினொன்று ஆனதும் ஆர்ம், அதாவது பக்கெட்டைப் பிடித்திருக்கும் கை, இழுக்காது. ஆகாயத்தாமரை வேரோடு சேறு வந்தால் பக்கெட் பாதியிலேயே நின்றுவிடும். எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இருக்காது, அதாவது எஞ்சினுக்கு லோடே போய்ச் சேரவில்லை. கரையில் டிப்பர்கள் வரிசையாக நிற்கின்றன. வாடகை மணிக்கணக்கு. மேஸ்திரி வந்து வந்து என் முகத்தைப் பார்க்கிறார்.

பக்கத்து வண்டி டிரைவர் ஒருவர், "மெயின் ரிலீஃப்ல கொஞ்சம் ஏத்தி வுடு, சரியாப் பூடும்" என்றார். மெயின் ரிலீஃப் என்பது ஹைட்ராலிக் பிரஷர் ஒரு அளவைத் தாண்டாமல் திறந்துவிடும் வால்வு; அதன் ஸ்க்ரூவை முறுக்கினால் அந்த அளவு ஏறும். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் லாக் நட்டைத் தளர்த்தி, ஆலன் கீ போட்டு, கால் சுற்றுக்கு மேலே கொஞ்சம் திருகினேன். அன்று மதியம் ஆர்ம் இழுத்தது. மறுநாளும் இழுத்தது. பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டில் சொல்லிக்கூட விட்டேன்.

மூன்றாம் நாள் காலை, ஆயில் இன்னும் சூடாகாத நேரம். பக்கெட் பல்லில் ஒரு பழைய கான்கிரீட் சிலாப் மாட்டியது. இழுத்தேன். பூமில், அதாவது ஆர்மைத் தாங்கும் பெரிய கையில், ஓடும் ஆயில் ஹோஸ் பட்டென்று வெடித்தது. கேபின் கண்ணாடி முழுக்க ஆயில், ஒன்றும் தெரியவில்லை. ஹெல்பர் பையன் எப்போதும் நிற்கும் இடத்தில் அன்றைக்கு இல்லை, டீ வாங்கப் போயிருந்தான். அந்த இடத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம்தான் வியாசர்பாடியிலிருந்து பாய் வந்தார். முப்பது வருடமாக ஹைட்ராலிக் பம்பு வேலை மட்டும் பார்ப்பவர். புது ஹோஸ் மாட்டியதும், நான் எவ்வளவு திருகினேன் என்று கேட்டார். "கொஞ்சம்தான் பாய்" என்றேன்.

"கொஞ்சம்னா எத்தினி கிலோ தம்பி?"

பிரஷரை நாங்கள் கிலோவில்தான் சொல்வோம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று. என்னிடம் பதில் இல்லை.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதற்காகத்தான் எழுதுகிறேன். பக்கெட்டைத் தரையில் ஊன்றச் சொல்லி எஞ்சினை நிறுத்தினார். சாவியை ஆனில் வைத்துவிட்டு எல்லா லிவரையும் நாலு பக்கமும் ஆட்டச் சொன்னார். உள்ளே தங்கிய பிரஷர் அப்படித்தான் இறங்கும். பிறகு டேங்க் பிரீதரை அழுத்திக் காற்றை விட்டார். அதற்குப் பிறகுதான் பம்பு டெலிவரியில் இருக்கும் டெஸ்ட் பிளக்கைக் கழற்றி, 600 கிலோ கேஜை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை பெயின்ட் பேனா எடுத்து, ஸ்க்ரூ தலையிலிருந்து நட் வழியாக வால்வு உடம்பு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். "இப்ப எங்க இருக்குன்னு தெரிஞ்சாதானே திரும்பி வர முடியும்" என்றார்.

எஞ்சின் ஃபுல் த்ராட்டில், கொஞ்ச நேரத்துக்குப் பிரஷரை ஏற்றிக் கொடுக்கும் பவர் பூஸ்ட் ஆஃப். ஆர்மை உள்ளே இழுத்து, சிலிண்டர் முட்டி நிற்கும்வரை பிடிக்கச் சொன்னார். ஆயில் 50 டிகிரிக்கு வரும்வரை கேஜ் பக்கமே அவர் பார்க்கவில்லை. ஜில்லென்ற ஆயிலில் எடுக்கும் கணக்கும் தப்பு, கொதிக்கும் ஆயிலில் எடுக்கும் கணக்கும் தப்பு. 50 டிகிரியில் முள் 390 கிலோவில் நின்றது. என் வண்டிக்குக் கம்பெனி புத்தகம் சொல்வது 350. கார் டயரில் நாம் வைப்பது 32 பி.எஸ்.ஐ. இந்த 350 கிலோ என்பது கிட்டத்தட்ட 5000 பி.எஸ்.ஐ. அதற்கும் மேலே 40 கிலோவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றியிருக்கிறேன்.

ஸ்க்ரூவை 350-க்கும் கீழே இறக்கிவிட்டு, மறுபடி மெதுவாக மேலே ஏற்றி நிறுத்தினார். ஆலன் கீயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முறுக்கி, திரும்பவும் கேஜ் பார்த்தார். நட் முறுக்கும்போது ஸ்க்ரூ ஒரு இழை நகர்ந்தாலும் ஐந்து பத்து கிலோ மாறிவிடுமாம். இரண்டு தடவை அப்படி மாறியது. மூன்றாம் தடவை நின்றது.

சரி, அப்படியென்றால் முதலில் ஏன் இழுக்கவில்லை? அதற்கும் கேஜே பதில் சொன்னது. கேஜைக் கழற்றாமல் பதினொன்றரை வரைக்கும் வேலை ஓட்டச் சொன்னார். ஆயில் சூடு 90 தாண்டியது. முள் 295-க்கு வந்துவிட்டது. பம்புக்கு உள்ளே கசியும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் கேஸ் டிரெய்ன் லைனைக் கழற்றி ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தார். பித்தளைப் பொடி இல்லை. "பம்பு கெய்வன் ஆயிட்டான், ஆனா சாவல" என்றார். வயதான பம்பு, ஆயில் கெட்டியாக இருக்கும்வரை தாங்குகிறது. சூட்டில் ஆயில் தண்ணீராகிவிட்டால் உள்ளேயே கசிகிறது. கேட்க வேண்டிய கேள்வி, ஆயில் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதுதான்.

ஆயில் கூலர் முன்னால் இருந்த வலையைக் கழற்றினோம். டார்ச்சை அந்தப் பக்கம் வைத்து அடித்தால் இந்தப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. அத்திப்பட்டுச் சாம்பல், ஆயில் ஈரத்தோடு சேர்ந்து, சிமெண்ட் போல இறுகிப் போயிருந்தது. ஒரு மணி நேரம் கழுவினோம், கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நண்பகல் வெயிலிலும் ஆயில் 70-ஐத் தாண்டவில்லை, முள்ளும் 340-க்குக் கீழே போகவில்லை. ஸ்க்ரூவைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். புதிதாக வண்டி ஓட்ட வரும் பையன்களுக்குப் பயன்படும்.

மணலி ஆபரேட்டர்:

அண்ணே, எனக்கு நடந்தது வேறு. பூம் தூக்கும், ஸ்விங் நன்றாக இருக்கும், டிராவலும் சரி. பக்கெட் சுருட்டுவது மட்டும் பலமில்லை. என் ஓனரும் மெயின் ரிலீஃபைத்தான் ஏற்றச் சொன்னார். எல்லாமே பலமிழந்தால் மெயினையோ பம்பையோ சந்தேகப்படலாம். ஒரே ஒரு வேலை மட்டும் பலமிழந்தால் அந்தச் செக்‌ஷனுக்கு மட்டும் தனியாக இருக்கும் போர்ட் ரிலீஃப் வால்வு, இல்லாவிட்டால் அந்தச் சிலிண்டரின் சீல். என் வண்டியில் பக்கெட்டுக்கும் ஆர்முக்கும் ஒரே மாதிரி போர்ட் ரிலீஃப் வால்வுதான். இரண்டையும் இடம் மாற்றி மாட்டினோம். கோளாறும் கூடவே ஆர்முக்குப் போய்விட்டது. வால்வைப் பிரித்தால் ஓ ரிங் கருகி நொறுங்கியிருந்தது. சின்ன ரப்பர் வளையம், அவ்வளவுதான். மாற்றும் முன்னால் இரண்டு வால்வும் ஒரே நம்பர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா மாடலிலும் ஒன்றாக இருக்காது.

வியாசர்பாடி மெக்கானிக்:

பிரஷர் பற்றிப் பேசும்போது இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொடுங்கையூரில் ஒரு யார்டில் வேலை. ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை, கண்ணுக்குத் தெரியாது, புகை மாதிரி ஒரு ஈரம் மட்டும். என்னோடு இருந்த பையன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கையை அதன் மேல் தடவினான். "ஸ்ஸ்" என்று கையை உதறினான். நடுவிரலில் கொசு கடித்தது போல ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. வலியும் பெரிதாக இல்லை என்றான். வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று சொன்னவனை நான் வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றி ஸ்டான்லிக்குக் கூட்டிப் போனேன். போய்ச் சேர்வதற்குள் விரல் வீங்கி, நிறம் மாறிவிட்டது. அவ்வளவு பிரஷரில் தோலுக்குள் போகும் ஆயில் நரம்பு வழியெல்லாம் பரவி, சதையை உள்ளேயே அழுக வைக்கும். ஆபரேஷன் செய்து கழுவி எடுத்தார்கள். விரல் மிஞ்சியது, முழுதாக மடக்க முடியவில்லை.

கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடியுங்கள், கையைக் கொண்டு போகாதீர்கள். குத்திவிட்டால், டாக்டரிடம் "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோடு உள்ளே போயிருக்கிறது" என்று இந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத்தான் தெரியும்.

மாதவரம் வண்டி ஓனர்:

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு ஸ்பேனரை எடுங்கள்: வண்டிக்குப் பலம் இல்லையா, வேகம் இல்லையா? இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம். லோடு தூக்குகிறது, ஆனால் மெதுவாகத் தூக்குகிறது என்றால் பம்பிலிருந்து போய்ச் சேரும் ஆயில் அளவு குறைகிறது. பம்பு ரெகுலேட்டர், பைலட் லைன் (லிவரை ஆட்டினால் மெயின் வால்வைத் தள்ளும் சின்ன பிரஷர் லைன்), ஃபில்டர், அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். என் வண்டியில் பைலட் பிரஷர் 40 கிலோ இருக்க வேண்டியது 25-தான் காட்டியது. பைலட் ஃபில்டர் அடைத்திருந்தது. மெயின் ரிலீஃபை எவ்வளவு திருகினாலும் அந்த வேகம் திரும்பியிருக்காது.

திருவொற்றியூர் ஆபரேட்டர்:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணன் எழுதியதை என் ஹெல்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன்.

கூலரை எப்படிக் கழுவுவது என்று போனில் இரண்டு பேர் கேட்டார்கள். நான் செய்வது இது: எஞ்சின் ஆறிய பிறகு, காற்று அடிப்பதானால் ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்கிறேன், தூசு வந்த வழியே வெளியே போகும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டு போனால் ஃபின் மடங்கிவிடும், இரண்டடி தள்ளி நேராகப் பிடிக்க வேண்டும். சாம்பல், நிலக்கரி உள்ள சைட்டில் தினமும் சாயங்காலம், மற்ற இடத்தில் வாரம் ஒரு தடவை. கடைசியில் டார்ச் அடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கிறேன்.

350-ல் நிறுத்திய பிறகு பாய் ரிலீஃப் வால்வில் புதிதாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். இன்று காலையிலும் கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஸ்க்ரூவும் நட்டும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன.