பி. கே. ரோசி: முதல் காட்சிக்குப் பிந்தைய வாழ்க்கை

கடலோரத்தான் கேட்டது:
ஜே. சி. டேனியல் எடுத்த முதல் மலையாள மௌனப்படமான ‘விகதகுமாரன்’ படத்தின் நாயகி பி. கே. ரோசியைப் பற்றி எங்கு படித்தாலும், திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் நடந்த கல்வீச்சோடு செய்தி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார்? தம் நடிப்பைப் பற்றி அவரே ஏன் எதுவும் சொல்லிச் செல்லவில்லை?

பழம்பட வாசகர்:
தாழ்த்தப்பட்ட புலையர் சமூகத்தில் பிறந்து, தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் கக்காரிசி நாடகத்தில் தேர்ந்தவர் அவர். படத்தில் சரோஜினி என்ற உயர்சாதி நாயர் பெண்ணாக நடித்தார். நாயகன் அவர் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததும் கூட்டம் கொதித்தெழுந்து திரையைக் கல்லால் அடித்துக் கிழித்தது. அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள். அவ்வழியே வந்த லாரியில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பிய அவர், அந்த லாரியின் ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார். ஓட்டுநர் நாயர் சமூகத்தவர். எந்தச் சாதிப் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டாரோ, அந்தச் சாதி வீட்டு மருமகளாகவே எஞ்சிய காலத்தைக் கழித்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நாஞ்சில்வாசி:
அவர் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. நாகர்கோவில் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் பின்வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் சேர்ந்தே இருந்தது. அதாவது, தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயில் கதவு திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்த அதே சமஸ்தானத்துக்குள்தான் அவர் ஒளிந்து வாழ்ந்தார். ரோசி என்று தெரிந்தால் வீடும் குடும்பமும் நிலைக்காது என்னும் நிலையில், ‘நான்தான் அந்த நடிகை’ என்று அவரால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? பெற்ற பிள்ளைகளுக்கே அவருடைய நடிப்பு நாள்களைப் பற்றி அதிகம் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம் என்பேன்.

கடலோரத்தான்:
மிக்க நன்றி. படத்தின் பிரதி எங்கேனும் இருக்கிறதா?

பழம்பட வாசகர்:
இல்லை. சொத்தை விற்றுப் படமெடுத்து நொடித்துப்போன டேனியலும் 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையிலேயே இறந்தார். ஆனால் அவர் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது வழங்குகிறது. ரோசி பெயரில் மலையாளத் திரைப்பெண்கள் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியதோ 2019இல்தான். ஒரே படத்துக்காக இருவரும் அழிந்தார்கள் என்றாலும், டேனியல் தம் பெயரோடு வறுமையில் வாழ்ந்தார். ரோசிக்கு அந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை.