மறு: சிலபிளுக்கு ‘அசை’ போதாதா?

> ஆங்கிலச் சொல்லில் ஒரே மூச்சில் ஒலிக்கும் துண்டான சிலபிளுக்கு (syllable) தமிழ்ப்பெயர் தேடுகிறீர்கள். செய்யுள் இலக்கணமான யாப்பில் ‘அசை’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, அசைமேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் யாப்பில் ‘பலா’, குறிலும் நெடிலும் சேர்ந்து, ஒரே நிரையசை. சிலபிள் கணக்கில் இரண்டு. கொருக்குப்பேட்டையில் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பள்ளியில் செய்யுளை நேர், நிரை என்று அசை பிரித்து அலகிட்டுவிட்டு வருபவர்கள், மணலிப் பக்கம் தினமும் காதில் விழும் ‘ரிஃபைனரி’யை ரிஃபை-னரி என்று இரண்டாக வெட்டுகிறார்கள். இரண்டும் நிரை, அந்தச் சீருக்கு வாய்பாடு கருவிளம்! ‘ஃபை’யை ஓரெழுத்தாகக் கொண்டால் யாப்புப்படி சரிதான். ஆங்கிலத்திலோ ரி-ஃபை-ன-ரி, நான்கு.

சிலபிளுக்கு நண்பர் ஒருவர் சொன்ன ‘உயிரசை’ அழகான சொல். ஒரு சிலபிளுக்கு ஓர் உயிரொலி என்ற விதி பெயரிலேயே வந்துவிடும். உதைப்பது ‘பட்டன்’, ‘பாட்டில்’ போன்றவை. ஆங்கிலேயர் வாயில் இவற்றின் கடைசிச் சிலபிளில் பெரும்பாலும் உயிரே இருக்காது, மெய்யே தாங்கும். ஆகவே என் ஓட்டு ‘ஒலியசை’க்கு.

அப்புறம் ஸ்ட்ரெஸ் (stress), அதாவது சொல்லில் ஒரு சிலபிளை மட்டும் ஓங்கிச் சொல்வது. ‘அழுத்தம்’ என்றால் பிள்ளைகளுக்கு இயற்பியல், பெற்றோருக்கு பி.பி. நன்னூல் எடுத்தல், படுத்தல், நலிதல் (ஓங்கியும், தாழ்த்தியும், இடைப்பட்டும் ஒலித்தல்) என்கிறதே, அதிலிருந்து ‘எடுப்பு’ என்று எடுக்கலாம். அது விழும் இடம் ‘எடுப்பசை’. நன்னூல் பேசுவது குரலின் ஏற்ற இறக்கத்தை. ஆங்கிலத்தில் நீளமும் சத்தமும் கூடச் சேரும். இருந்தாலும் பொருந்தும். (தாளத்தில் வேறோர் எடுப்பு வைத்திருக்கும் சங்கீதக்காரர்கள் பொறுப்பார்களாக.)

‘எக்ஸ்போர்ட்’, ‘இம்போர்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையில் எடுப்பு, வினையானால் இரண்டாவதில். தம்புச்செட்டித் தெருவில் சரக்கு கிளியர் செய்பவர்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள், வேலையும் நடக்கும். தமிழில் எடுப்பு மாறினால் சொல்லின் பொருள் மாறாது, நம் காது அதைத் தேடுவதில்லை. ஆனால் நீண்ட சொல்லில் எடுப்பு இடம் மாறினால் வெளியூர்க்காரருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம். ‘ஃபோட்டோகிராஃப்’ முதலசையில், ‘ஃபொட்டாகிரஃபி’ இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். ‘இக்’, ‘ஷன்’, ‘இட்டி’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையில் எடுப்பு: எக்ஸாமினேஷனில் ‘னே’, எலெக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’. ‘அரித்மெட்டிக்’ போன்ற விலக்குகள் உண்டு.

எடுப்பு விழாத அசையில் மங்கிப்போகும் உயிருக்குத்தான் பெயர் இல்லை. ‘மங்கலுயிர்’ என்றால் கல்யாண வீட்டு வாடை அடிக்கிறது.

---

பதில்: தம்பி, எடுப்பசை, ஒலியசை இரண்டும் சரி. மங்கும் உயிருக்கு, சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்தைப் பார்த்து ‘குற்றியலுயிர்’ எனலாமே? ஆனால் அங்கே குறைவது மாத்திரை, அதாவது ஒலிக்கும் நேரம் மட்டும். ஆங்கிலத்தில் உயிரின் நிறமே போய்விடுகிறது. இலக்கணக்காரர்கள் என்ன சொல்கிறார்கள், கேட்போம்.