கவலைப்படுவதுதான் அக்கறையா?

நடைவண்டி:
“என் மேல் கொஞ்சமாவது கவலை இருந்திருந்தால் ஒரு போன் பண்ணியிருப்பாய்.” இதை யாரிடமிருந்தாவது கேட்காதவர்கள் குறைவு. நம்மை நினைத்து ஒருவர் எவ்வளவு பதறுகிறாரோ அவ்வளவு பாசம் என்று கணக்குப் போடப் பழகிவிட்டோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. கவலை என்பது கவலைப்படுகிறவரின் தலைக்குள் ஓடுவது. அதனால் அடுத்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

என் தோழிக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் பார்க்கப் போயிருந்தேன். அங்கே வந்திருந்த ஒருவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்” என்று தேம்பித் தேம்பி அழுதார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையை மெல்லத் தூக்கி, தோழி அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள். “ஒன்றும் இல்லை, சரியாகிவிடும்” என்று அவள்தான் சொன்னாள். அவர் போன பிறகு அவளுக்குப் பேசவே தெம்பில்லை.

இன்னொன்று. கவலைகளில் பெரும்பாலானவை நடப்பதே இல்லை. லூகாஸ் லாஃப்ரெனியேவும் மிஷெல் நியூமனும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ள 29 பேர் தங்கள் கவலைகளைப் பத்து நாள் எழுதிவைத்தார்கள். அவை நடந்தனவா என்று முப்பது நாள் வரை பார்த்தார்கள். சுமார் 91 சதவீதம் நடக்கவில்லை. இவ்வளவு சக்தியை இதில் கொட்டிவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் வைப்பது நியாயமே இல்லை.

அந்திவானம்:
நடைவண்டி, உங்கள் தோழிக்காக வருந்துகிறேன். ஆனால் அழுத அந்த மனிதரை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் வந்தார். வராதவர்கள் எத்தனை பேர் என்று தோழியிடம் கேட்டுப் பாருங்கள். “அவளுக்கென்ன, தைரியசாலி, சமாளித்துவிடுவாள்” என்று சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கவலை இல்லைதான். அதனால் தோழிக்கு என்ன கிடைத்தது?

அந்த ஆய்வைப் பற்றி: அதில் இருந்தவர்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படும் கோளாறு உள்ளவர்கள். அவர்களை வைத்து ஊரில் உள்ள எல்லோரையும் எடை போட முடியாது. அதை விடுங்கள், அவர்கள் விஷயத்திலேயே ஏறக்குறைய பத்தில் ஒன்று நடந்திருக்கிறதே! நூறு கவலையில் எட்டோ ஒன்பதோ நிஜமாகும் என்றால், குழந்தையை வளர்க்கிற யாரும் அதைச் சின்ன எண் என்று சொல்ல மாட்டார்கள். நடக்காமல் போனதில் சிலது, யாரோ கவலைப்பட்டு முன்கூட்டியே ஏதாவது செய்ததால் நடக்காமல் போயிருக்கலாம். மாடிப்படியில் தடுப்புக் கதவு போட்ட வீட்டில் குழந்தை விழவில்லை என்றால், அந்த வீட்டுக்காரரின் கவலை பொய்யாகிவிட்டது என்பீர்களா?

பகல்நிலா:
நான் செவிலியர். இரவுப் பணியில் பல வருடம் இருந்தவள். நீங்கள் இருவரும் சொல்வதை நான் தினமும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் பார்க்கிறேன்.

கவலைப்படுகிற உறவினரால் எங்களுக்குத் தொல்லை இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பணி மாறும்போதெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். மானிட்டரில் ஒரு சத்தம் வந்தால் ஓடி வருவார்கள். ஆனாலும் எனக்குப் பயம் தருவது வேறு ஆட்கள். “டாக்டர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டு, நோயாளி நேற்று நன்றாகப் பேசினாரா, இன்று குழறுகிறாரா என்பதைக்கூடக் கவனிக்காதவர்கள். அந்த வித்தியாசத்தை எங்களைவிட முன்னால் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கவலைப்படுகிற மகளோ மனைவியோதான்.

ஒரு பெரியவரின் மகன் வராந்தாவில் நிற்கவே முடியாமல் நடந்துகொண்டே இருந்தார். அவரிடம் ஒரு பேனாவும் இன்டேக் அவுட்புட் எழுதும் தாளும் கொடுத்தேன். அப்பா எத்தனை மில்லி தண்ணீர் குடிக்கிறார், எத்தனை மில்லி சிறுநீர் போகிறது, நேரம் போட்டு எழுதச் சொன்னேன். கோடு போட்டு, இரண்டு மை மாற்றி, அவ்வளவு அழகாக எழுதினார். நடப்பது நின்றுவிட்டது. அப்பாவும் “எழுதிக்கொண்டாயா?” என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பார். அந்த மகனுக்குக் கவலை போய்விடவில்லை. கையில் ஒரு வேலை வந்தது, அவ்வளவுதான். ஆகவே கவலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், நடைவண்டி.

கல்தூண்:
எல்லோரும் நம் வீட்டு ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மகள், மனைவி, அப்பா. பிறர் மேல் அக்கறை என்றால் முன்பின் தெரியாதவரும் அதில் வர வேண்டாமா? அன்றாடக் கவலை அக்கறைக்கு உதவுகிறது என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பெரும்பாலும் அது கண்ணை மறைக்கிறது.

ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. இறையியல் மாணவர்களை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலர் பேச வேண்டிய தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் தலை குனிந்து, இருமிக்கொண்டு, சுருண்டு கிடக்கிறார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். “தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள்” என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். என்ன தலைப்பில் பேசப்போகிறார்கள் என்பதால் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

தவணை, தேர்வு, மேலதிகாரி, பிள்ளையின் மதிப்பெண் என்று நாள் முழுக்க நம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இந்த “சீக்கிரம் போ”தான். பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவர் ஒரு வாரமாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரியாமல் போவதற்குக் கல்நெஞ்சு காரணமில்லை. மனதில் இடமில்லை.

அந்திவானம்:
கல்தூண், நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதை முழுசாகப் பார்க்க வேண்டும். விரைந்து போனவர்கள் தங்கள் சொந்த வேலைக்காக ஓடவில்லை. அங்கே ஒருவர் அவர்களை நம்பிக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதவுவதா, இவருக்கு உதவுவதா என்ற இழுபறியில் அவர்கள் சிக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதாவது ஒருவரைப் பற்றிய அக்கறை இன்னொருவரை மறைத்தது. எனக்கு இது புரிகிறது. படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள், தெருவில் கிடப்பவரைத் தாண்டி ஓடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்லோருக்காகவும் சமமாகக் கவலைப்படுகிறவர் யாருக்காகவும் கவலைப்படாதவராகத்தான் இருப்பார் என்பது என் கருத்து.

நடைவண்டி:
அதை நான் மறுக்கவில்லை. அம்மாவுக்காக ஓடுகிறவள் ஒரு காரியம் செய்கிறாள். நான் கேட்பது, ஓடாமல் உட்கார்ந்த இடத்தில் தவித்துவிட்டு, அந்தத் தவிப்பை உடம்பு முடியாதவரின் மடியிலேயே கொண்டுபோய்க் கொட்டுவதைப் பற்றி.

சூசன் சில்க், பேரி கோல்ட்மேன் என்ற இருவர் 2013-ல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் ஒரு வழி சொன்னார்கள். துன்பத்தில் இருப்பவரை நடுவில் வையுங்கள். அவரைச் சுற்றி ஒரு வட்டம், அதில் மிக நெருங்கியவர்கள். அதற்கு வெளியே அடுத்த வட்டம், அதில் நண்பர்கள். இப்படியே வெளியே போகலாம். ஆறுதலை உள்வட்டத்தை நோக்கிச் சொல்ல வேண்டும். புலம்பலை வெளிவட்டத்தில் இருப்பவரிடம் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருப்பவர் மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். என் தோழியைப் பார்க்க வந்தவர் வராந்தாவுக்கு வந்து என்னிடம் அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன்.

அந்திவானம்:
வட்டம் போட்டு அழ எல்லோருக்கும் வராது. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். தூர தேசத்தில் இருக்கும் ஒருவருக்கு வீட்டில் அப்பா மயங்கி விழுந்த செய்தி வருகிறது. விமானம் மறுநாள்தான். அந்த ஒரு இரவு அவர் கையில் எந்த வேலையும் இல்லை. தண்ணீர் அளந்து எழுதத் தாளும் கிடையாது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறார், மறுபடி பார்க்கிறார். உங்கள் கணக்கில் அவர் செய்வது வீண். என் கணக்கில், அப்பாவோடு இருக்க அவருக்கு அன்று கிடைத்த ஒரே வழி அது. “கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது, தூங்கு” என்று ஒருவர் அவரிடம் சொன்னால், அது நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும், அதைவிடக் கொடுமையான பேச்சு இல்லை.

ஜோன் டிரான்டோ, பெரெனிஸ் ஃபிஷர் இருவரும் 1990-ல் அக்கறையை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு ஒரு தேவை இருக்கிறது என்று மனம் கவனிப்பது முதல் கட்டம். பிறகு அதற்குப் பொறுப்பு எடுப்பது, நேரில் பணிவிடை செய்வது, கடைசியாக அதைப் பெற்றுக்கொள்பவர் எப்படி உணர்கிறார் என்பது. நீங்கள் முதல் கட்டத்தையே வெட்டிவிட்டு மூன்றாவதை மட்டும் கேட்கிறீர்கள்.

சின்னத்தூறல்:
அந்த நான்காவது கட்டத்திலிருந்து பேசுகிறேன். இதுவரை யாரும் அங்கே இல்லை.

எனக்குச் சிறுவயதிலிருந்து வலிப்பு நோய். என்னை நினைத்து எல்லோரும் கவலைப்பட்டார்கள். குளிக்கப் போனால் கதவைத் தட்டுவார்கள். நான் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்வதை நிறுத்திவிட்டேன். காலையில் கை வெடுக் வெடுக்கென்று உதறினால்கூட வாயைத் திறக்க மாட்டேன், அவர்கள் முகம் அப்படிப் போவதைப் பார்க்க முடியாமல். டாக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயம், வீட்டாரின் கவலைக்குப் பயந்து டாக்டர் வரை போகவில்லை.

வேலைக்குப் போன இடத்தில் ஒருநாள் விழுந்தேன். பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒருவர் கத்தியிருக்கிறார். ஒருவர் என் வாயில் கரண்டியை நுழைக்கப் பார்த்திருக்கிறார். ஒரு தோழி அவரைத் தள்ளிவிட்டு, நாற்காலியை நகர்த்தி, என் தலைக்கு அடியில் தன் பையை வைத்து, உதறல் நிற்கும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். நின்றதும் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறாள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “இரண்டு நிமிடம்தான். அலுவலகத்தில்தான் இருக்கிறாய்.” எனக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது அந்த இரண்டு தகவல்தான்.

நடைவண்டி:
நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்தது இதைத்தான்.

அந்திவானம்:
சின்னத்தூறல், நீங்கள் சொல்லாமல் மறைத்த அந்த வருடங்களைப் படிக்கும்போது மனம் கனத்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தோழிக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

சின்னத்தூறல்:
எனக்கு வலிப்பு இருப்பதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அன்று இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து தேடிப் படித்தாளாம். நான் விழுந்த பிறகு வெகு நாள் கழித்துத்தான் சொன்னாள்.

பகல்நிலா:
ஆகக் கவலைப்பட்டிருக்கிறாள்.

நடைவண்டி:
கவலைப்பட்டிருக்கிறாள், ஆனால் அந்தக் கவலை சின்னத்தூறல் வரை போகாமல் பார்த்துக்கொண்டாள். அதுதான் என் கட்சி.

கல்தூண்:
கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவரும் உதவத்தான் வந்தார். தெரியாதவர் ஒருவர் தெருவில் விழும்போது நமக்கு அவர் மேல் கவலை வரப்போவதில்லை, முன்கூட்டித் தேடிப் படிக்கவும் வழியில்லை. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதைப் பள்ளியிலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். பாசத்தை நம்பி இதை விட முடியாது.

பகல்நிலா:
இதை நான் முழு மனதோடு ஆமோதிக்கிறேன். நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்திவானம்:
சின்னத்தூறல், உங்களைப் போன்ற ஒருவர் என் வீட்டிலும் இருக்கிறார். வலிப்பு இல்லை, வேறு நோய். அவரிடம் நான் என்ன கேட்கலாம்?

சின்னத்தூறல்:
“முடியாமல் போனால் நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். அவர் நன்றாக இருக்கும் நாளில் கேளுங்கள். சொல்வதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். தினமும் அதையே கேட்க வேண்டாம்.

அந்திவானம்:
கேட்கிறேன். எழுதியும் வைக்கிறேன். ஆனால் எனக்கு அன்று தூக்கம் வராது.

நடைவண்டி:
வராமல் இருக்கட்டும். மறுநாள் காலை அதை அவரிடம் சொல்லாதீர்கள்.

அந்திவானம்:
என்றைக்காவது சொல்வேன், நடைவண்டி. உங்களோடு இதில் நான் கடைசி வரை ஒத்துப்போக மாட்டேன். சின்னத்தூறலின் தோழியும் கடைசியில் சொல்லியிருக்கிறாள்.

சின்னத்தூறல்:
சொன்னாள். நல்லவேளை, தாமதமாகச் சொன்னாள்.