அஸ்வான்ல இருந்து அபு சிம்பெல், ஒரே நாள்ல: 72 வயசு அம்மாவால முடியுமா?

செக்காலைக்காரன்:
பிப்ரவரி 22 அன்னிக்கு அஸ்வான்ல ஒரு நாள் சும்மா இருக்கு. கைடோட சேர்த்து பஸ்ல அபு சிம்பெல் கூட்டிட்டுப் போறேங்கிறார் ஏஜென்ட். காலைல 4 மணிக்குக் கிளம்பி மதியம் திரும்பணுமாம். அம்மாவுக்கு முட்டி வலி. "மலையக் குடைஞ்ச கோயில் பாக்க எகிப்து எதுக்குடா, பிள்ளையார்பட்டி பக்கத்துலதான இருக்கு"ங்கிறாங்க. போனவங்க சொல்லுங்க.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, நான் போனப்ப எனக்கு 69. எனக்கும் முட்டி வலிதான். தாராளமாப் போகலாம்.

போக மட்டும் மூணு, மூணரை மணி நேரம், வழியெல்லாம் பாலைவனம். பஸ்ல ஏசி நடுக்கும், சால்வை வேணும். ஹோட்டல்ல கட்டிக் கொடுத்த பொட்டியில ஆறின ரொட்டியும் ஒரு அவிச்ச முட்டையும். நாங்க சீப்பு சீடைய வச்சு ஓட்டினோம்.

குன்றுக்குப் பின்னால இறக்கிவிடுவாங்க. சுத்திக்கிட்டு ஏரிப் பக்கம் இறங்கணும். திரும்பி ஏறுறதுதான் பாடு, நிழலே கிடையாது. கைடு உள்ள வரமாட்டார், வெளியில நிறுத்தியே கதை முழுக்கச் சொல்வார். எங்க ஆள் முக்கால் மணி நேரம் பேசினார். அம்மாவ அதுல நிறுத்தாதீங்க, வெயில் ஏறுமுன்ன உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க.

பிள்ளையார்பட்டி குடைஞ்ச இடத்துலயே இருக்கு. இது அப்படியில்ல. அஸ்வான்ல பெரிய அணை கட்டினப்ப முங்கிடும்னு யுனெஸ்கோ முன்னால நின்னு 1964-லேர்ந்து 1968 வரைக்கும் கோயிலையே ரம்பத்தால அறுத்தாங்க. ஆயிரத்துக்கு மேல துண்டு, ஒவ்வொண்ணும் 20, 30 டன். நம்பர் போட்டு, 65 மீட்டர் மேல தூக்கி வச்சுச் சேர்த்திருக்காங்க. பின்னால தெரியுற குன்று, உள்ள காங்கிரீட் கூடு!

நம்ம ஊர்லயும் வீட்டப் பிரிச்சா தூணுக்கும் நிலைக்கும் நம்பர் போடுறாங்க, லாரியில ஏறினதும் யார் வீட்டுக்குப் போகுதோ. எங்க வீட்டுத் தேக்கு நிலை அப்படித்தான் போச்சு. அதனாலயோ என்னமோ, கோயிலக் கட்டின ராஜா ராம்செஸ் முகத்த விட அறுத்த கோட்டத்தான் தேடினேன். கலவை பூசி மூடியிருக்காங்க, உத்துப் பார்த்தாத்தான் மயிரிழையாத் தெரியுது. வாசல்ல இருக்கிற அவரோட நாலு சிலையில இடப்பக்கம் ரெண்டாவது, அந்தக் காலத்து நிலநடுக்கத்துலயே உடைஞ்சது. தலை காலடியில கிடக்கு. இடம் மாத்தினப்பவும் அத ஒட்ட வைக்கல, விழுந்தபடியே கொண்டாந்து கிடத்தியிருக்காங்க.

பள்ளத்தூரான்:
ஆச்சி சொன்னது சரி. ஆனா 22-ஆம் தேதி வேணவே வேணாம் அண்ணே. பிப்ரவரி 22, அக்டோபர் 22 ரெண்டு நாளும் விடியற்காலைச் சூரியன் கருவறை வரைக்கும் விழும். உள்ள இருக்கிற நாலு சிலையில ப்தாங்கிற சாமிய மட்டும் இருட்டுலயே விட்டுடும். கூட்டம் தைப்பூசத்துப் பழநி மாதிரி.

மூணு மணி நேரம் உட்கார முடியாதுன்னா ஃபிலே கோயிலுக்குப் போங்க, அஸ்வான் பக்கத்துலயேதான். அதுவும் பிரிச்சு வேற தீவுல கட்டினதுதான். படகுல ஏறி இறங்க மட்டும் கை கொடுக்கணும்.

செக்காலைக்காரன்:
20-ஆம் தேதிக்கு மாத்திட்டேன். நிலைக் கதைய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "சீடை எத்தனை படி போடணும்னு அந்த ஆச்சிகிட்டக் கேளு"ங்கிறாங்க.

தேவகோட்டை ஆச்சி:
ஒரு படி போதும். டிரைவருக்கும் கொடுங்க, எங்க டிரைவர் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினார். டிக்கெட்டுக்கு பேங்க் கார்டு எடுத்து வச்சுக்கங்க, எங்ககிட்ட ரொக்கம் வாங்கல.